அடுக்கு விழிக்கும் நேரம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பள்ளியின் கணினி ஆய்வகம், வங்கி, மருத்துவமனை, தொடர்வண்டி முன்பதிவு நிலையம் என எங்கு நோக்கினும் கணினிகள் தனித்து இயங்குவதில்லை. ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டே இயங்குகின்றன. அச்செய்திகளை உரிய இடத்தில் சேர்க்கும் பணியை, மனிதர் கண்ணில் அதிகம் படாத கருவிகள் சில செய்கின்றன. அவற்றுள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே கருவியைப் போல உழைப்பதும் உண்டு. மின்சாரம் பெற்று விழித்தெழும் முதற் சில நிமிடங்களில் அவை தமக்குள் ஒரு தலைமையைத் தேர்ந்துகொள்கின்றன. அத்தேர்வு எவ்வாறு நிகழ்கிறது, அதில் மனிதருக்குரிய பொறுப்பு யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் இரவில்

ஒரு மருத்துவமனையை எண்ணிப் பார்க்கலாம். அதன் வலையமைப்பு அறையில், இரும்புச் சட்டத்தில் நான்கு சுவிட்சுகள் அடுக்கப்பட்டுள்ளன. ஆய்வகத்தின் குருதிப் பரிசோதனை முடிவு மருத்துவரின் கணினித் திரையை அடைவதும், மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு மருந்தகத்தை அடைவதும் அந்த அடுக்கின் வழியேதான். மருத்துவமனையில் புதிய பகுதி ஒன்று திறக்கப்படவிருப்பதால் ஐந்தாவது சுவிட்ச் ஒன்றைச் சேர்க்கத் தொழில்நுட்பர் ஒருவர் வருகிறார். அவர் கொண்டுவந்த கருவி புதியதன்று. வேறோர் அலுவலகத்தில் முன்பு பயன்பட்டது.

கருவி பழுதின்றி இருக்கிறதா என அறிய விரும்பிய அவர், முதலில் அதற்கு மின்னிணைப்புக் கொடுக்கிறார். பச்சை விளக்குகள் ஒளிர்கின்றன. மனநிறைவு அடைந்தவராய், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே அடுக்கு வடத்தைப் பொருத்துகிறார். அடுத்த சில நொடிகளில், அதுவரை அமைதியாக உழைத்துக்கொண்டிருந்த நான்கு சுவிட்சுகளும் அணைந்து மீண்டும் தொடங்குகின்றன. சில நிமிடங்களுக்குப் பின் அவை எழுகின்றன. ஆனால் ஆய்வகம், மருந்தகம், நிருவாகம் எனப் பிரித்து வைக்கப்பட்டிருந்த அமைப்பு எதுவும் அவற்றின் நினைவில் இல்லை. பரிசோதனை முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு செவிலியர்கள் மாடிப்படிகளில் ஓடுகின்றனர்.

எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எந்த வடமும் அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கு விதிக்கப்பட்ட விதிப்படியே நடந்துகொண்டது. அவ்வாறாயின் தவறு எங்கே நேர்ந்தது? இதற்கு விடை காண, அக்கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சுவிட்ச் என்னும் அஞ்சற்காரர்

சுவிட்ச் என்றவுடன் சுவரில் விளக்கை ஏற்றி அணைக்கும் விசையே நினைவுக்கு வரும். வலையமைப்பில் பயன்படும் சுவிட்ச் வேறு. அது தட்டையான பெட்டி வடிவினது. முகப்பில் 24 அல்லது 48 இணைப்புவாய்களைக் கொண்டது. போர்ட் எனப்படும் அந்த இணைப்புவாய்களில் கணினி, அச்சுப்பொறி, தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றின் வடங்கள் செருகப்படுகின்றன.

கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறை அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவானது. 1973ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. டேவிட் பாக்ஸ் அவருடன் இணைந்து அதனைச் செயற்படுத்தினார். ஈதர்நெட்டை உருவாக்கி வளர்த்தமைக்காக மெட்காஃப் 2022ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

தொடக்கக் கால ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதைந்தன. சந்தையில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூவினால் எவர் பேச்சும் எவர் காதிலும் விழாதது போன்ற நிலை அது. சுவிட்ச் இக்குறையைத் தீர்த்தது. உலகில் உருவாகும் ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் 48 பிட்டுகளால் ஆன மேக் முகவரி ஒன்று அதன் உற்பத்தியாளரால் வழங்கப்படுகிறது. எந்த முகவரி எந்த இணைப்புவாயில் உள்ளது என்பதைச் சுவிட்ச் கவனித்துப் பட்டியலிட்டுக்கொள்கிறது. பின்னர், வரும் செய்தியை அதற்குரியவரிடம் மட்டும் சேர்க்கிறது. தெருவில் நின்று எல்லார்க்கும் உரக்கப் படித்துக் காட்டாமல், வீடறிந்து மடலைக் கொடுக்கும் அஞ்சற்காரரின் பணிக்கு இதனை ஒப்பிடலாம்.

தெரியுமா?

பல இணைப்புவாய்களைக் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் இணைந்து அமெரிக்காவில் அதனைத் தொடங்கினர். பரத்வாஜின் மனைவியின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. தமிழில் வழங்கும் கற்பனை என்னும் சொல்லோடு தொடர்புடைய பெயர் இது. அந்நிறுவனத்தின் முதல் சுவிட்சில் இருந்தவை 7 இணைப்புவாய்களே. 1994ஆம் ஆண்டு சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கியது.

பலவற்றை ஒன்றாக்கும் அடுக்கு

ஒரு சுவிட்சில் 48 இணைப்புவாய்களே உள்ளன. ஒரு கட்டடத்தில் 200 கணினிகள் இருந்தால் ஒன்று போதாது, ஐந்து வேண்டும். ஐந்து தனித்தனிச் சுவிட்சுகளை வைத்தால் ஐந்து முகவரிகள், ஐந்து அமைவடிவங்கள், ஐந்து கடவுச்சொற்கள் எனப் பராமரிப்புச் சுமை பெருகும். ஒரு மாற்றத்தைச் செய்ய ஐந்து முறை உள்நுழைய வேண்டும். நான்கில் செய்து ஒன்றில் மறந்தால் குழப்பம் நேரும்.

இச்சுமையைக் குறைக்கவே அடுக்குமுறை தோன்றியது. சிஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கேட்டலிஸ்ட் 3750 வகைச் சுவிட்சுகளில் 9 வரை ஒன்றாக அடுக்க முடிந்தது. அதன் வழிவந்த கேட்டலிஸ்ட் 9300 வகையில் 8 வரை அடுக்கலாம். 48 இணைப்புவாய்களைக் கொண்ட எட்டுக் கருவிகளை அடுக்கினால், 384 இணைப்புவாய்களைக் கொண்ட ஒரே பெருங்கருவி உருவாகிறது. வெளியிலிருந்து காண்பவருக்கு அதற்கு ஒரே முகவரி, ஒரே அமைவடிவம்.

பல பெட்டிகள் ஒரு கருவியாவதற்கு அவற்றை அருகருகே வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுவிட்சின் பின்புறத்திலும் இரண்டு அடுக்கு இணைப்புவாய்கள் உள்ளன. அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் என வெவ்வேறு நீளங்களில் கிடைக்கும் சிறப்பு வடங்களால் அவற்றை இணைக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு எனச் சென்று, இறுதிச் சுவிட்சிலிருந்து மீண்டும் முதலாவதற்கு ஒரு வடம் வர வேண்டும். அப்போதுதான் வளையம் நிறைவுறும். நான்கு சுவிட்சுகளுக்கு நான்கு வடங்கள் என்பது கணக்கு.

மூன்று வடங்களை மட்டும் இட்டாலும் அடுக்கு இயங்கும். ஆனால் அது வளையமன்று, சங்கிலி. வளையத்தில் செய்திகள் இரு திசைகளிலும் ஓடும். சங்கிலியில் அவற்றின் ஓட்டத்திறன் பாதியாகக் குறையும். அன்றியும், வளையத்தில் ஒரு வடம் அறுந்தால் அடுக்கு பிழைத்துக்கொள்ளும். சங்கிலியில் ஒரு வடம் அறுந்தால் அடுக்கே இரண்டாகும். சிறிய செலவென்று கருதி விடப்படும் அந்த நான்காவது வடமே அடுக்கின் காப்பு.

விழித்தெழும் படிகள்

மின்சாரம் வந்தவுடன் சுவிட்ச் பணியைத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் அது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. அடுத்து, அழியா நினைவகத்தில் உள்ள இயக்க மென்பொருளை எடுத்து இயங்கு நினைவகத்தில் ஏற்றுகிறது. பின்னர், தன் பின்புறத்திலுள்ள அடுக்கு வடங்களின் வழியே அருகில் எவரேனும் உளரா என வினவுகிறது. மறுமொழி வந்தால் இருவரும் தத்தம் எண், மேக் முகவரி, மென்பொருளின் பதிப்பு, முன்னுரிமை எண் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்கின்றனர். இவ்வாறு அடுக்கு முழுவதும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட பின்னரே தலைமைத் தேர்வு நிகழ்கிறது.

தலைமை எதற்கு? அடுக்கு முழுமைக்குமான அமைவடிவத்தை வைத்திருப்பதும், அதனைப் பிற உறுப்பினர்களுக்கு வழங்குவதும், நிருவாகியின் கட்டளைகளைப் பெறுவதும் தலைமைச் சுவிட்சின் பணிகள். எனவே, எந்தச் சுவிட்ச் தலைமையேற்கிறதோ அதன் நினைவே அடுக்கின் நினைவாகிறது. ‘தலை இருக்க வால் ஆடலாமா?’ என்னும் பழமொழி இவ்விடத்தில் பொருந்தும். தலைமை ஒன்றாக இருந்தால்தான் அடுக்கு ஒன்றாக இருக்கும்.

தலைமைத் தேர்வின் நான்கு விதிகள்

கேட்டலிஸ்ட் 9300 வகையில் தலைமைத் தேர்வு நான்கு விதிகளின்படி வரிசையாக நடைபெறுகிறது. ஒரு விதியில் முடிவு கிட்டாதபோதுதான் அடுத்த விதி பார்க்கப்படும்.

முதலாவது, ஏற்கெனவே தலைமையில் இருக்கும் சுவிட்சே தலைமையில் தொடரும். இரண்டாவது, அத்தகைய ஒன்று இல்லையெனில் மிகுந்த முன்னுரிமை எண்ணைக் கொண்டது தலைமையேற்கும். மூன்றாவது, முன்னுரிமையும் ஒத்திருந்தால் விரைவில் தொடங்கி முடித்தது தலைமையேற்கும். நான்காவது, அதுவும் ஒத்திருந்தால் எண்ணில் சிறிய மேக் முகவரியைக் கொண்டது தலைமையேற்கும்.

முன்னுரிமை எண் 1 முதல் 15 வரை அமையும். நிருவாகி எதையும் குறிப்பிடாவிட்டால் எல்லாச் சுவிட்சுகளுக்கும் அது 1 என்றே இருக்கும். இங்குதான் முதற் பாடம் இருக்கிறது. எவரும் முடிவெடுக்காதபோது தேர்வு நிகழாமல் போவதில்லை. தொடக்க வேகமோ மேக் முகவரியோ முடிவெடுத்துவிடுகிறது. உற்பத்தியாளர்கள் மேக் முகவரிகளைப் பெரும்பாலும் ஏறுவரிசையில் வழங்கிச் செல்வதால், சிறிய முகவரி பழைய கருவியினுடையதாக இருக்கக்கூடும். ஆகவே, அடுக்கிலேயே மிகப் பழைய கருவி தலைமையேற்கும் வாய்ப்பும் உண்டு. அதனைத் தவிர்க்க விரும்புவோர், தலைமைக்குத் தகுந்த கருவிக்கு 15 என்றும் அதற்கு அடுத்த நிலையில் நிற்க வேண்டியதற்கு 14 என்றும் முன்னரே குறித்துவைக்க வேண்டும். அவ்வாறு குறிக்கும் எண் அப்போதுள்ள தலைமையை உடனே மாற்றிவிடாது. அடுத்த தேர்வின்போதுதான் பயன்தரும்.

காலமும் இத்தேர்வில் பங்கு கொள்கிறது. 120 வினாடி இடைவெளிக்குள் மின்சாரம் பெற்ற சுவிட்சுகள் மட்டுமே முதல் தேர்வில் பங்கேற்கின்றன. அதற்குப் பிறகு எழுபவை, முன்னுரிமை எண் 15 ஆகவே இருந்தாலும், எளிய உறுப்பினர்களாகவே சேரும். தலைமைக்குக் குறித்துவைத்த சுவிட்சின் மின்விசையை மூன்று நிமிடங்கள் கழித்துப் போட்டால், குறித்துவைத்ததன் பயன் அன்று கிட்டாது. எனவே, அடுக்கை முதன்முறையாக இயக்குவோர், தலைமைக்குரியதை முதலில் இயக்கி, அதன்பின் மற்றவற்றை இயக்குவது நல்ல வழக்கமாகும்.

தலைமைக்கு அடுத்த நிலையில் காத்திருப்புத் தலைமை ஒன்றும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தலைமைச் சுவிட்ச் பழுதுற்றால், பிற உறுப்பினர்கள் மீண்டும் தொடங்க வேண்டிய தேவையின்றி, காத்திருப்புத் தலைமை பொறுப்பேற்கிறது. பழுது நீங்கி மீண்டும் எழும் முன்னாள் தலைமை, தன் முன்னுரிமை எண்ணைக் காட்டிப் பதவியைத் திரும்பக் கேட்பதில்லை. பணி தடைப்படக் கூடாது என்பதே முதல் விதியின் உட்பொருள்.

எண் மாறினால் இடம் மாறும்

அடுக்கில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் உறுப்பினர் எண் உண்டு. இணைப்புவாய்களின் பெயர்கள் அந்த எண்ணைக் கொண்டே தொடங்கும். 2/0/5 என்பது இரண்டாம் சுவிட்சின் ஐந்தாம் இணைப்புவாயைக் குறிக்கும். ஓர் இணைப்புவாய் மருந்தகத்துக்குரியது என நிருவாகி எழுதும் குறிப்பு, பெட்டியைச் சார்ந்ததன்று, எண்ணைச் சார்ந்தது.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு சுவிட்சின் எண்ணும் 1 ஆகும். அடுக்கில் சேரும்போது அந்த எண்ணை வேறொன்று முன்பே கொண்டிருந்தால், புதியது காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணைப் பெறும். பெற்ற எண்ணை அது மறப்பதில்லை. அடுக்கிலிருந்து பிரித்து எடுத்த பின்னும் அதே எண்ணுடன்தான் எழும். எனவே, பல சுவிட்சுகளை ஒரே நேரத்தில் இயக்கி, எண்களைத் தாமாகவே பெற்றுக்கொள்ள விட்டுவிட்டால், சட்டத்தில் மேலிருப்பது மூன்றாகவும் கீழிருப்பது ஒன்றாகவும் அமைந்துவிடலாம். இயந்திரத்துக்கு அதனால் இடரில்லை. நள்ளிரவில் பழுது நீக்க வந்து, மூன்றாம் சுவிட்ச் என்று கருதி வேறொன்றின் வடத்தைப் பிடுங்கும் மனிதருக்கே இடர். ஒவ்வொன்றாக இயக்கி, எண்ணை உறுதிசெய்து, பெட்டியின் மீது அதே எண்ணை எழுதி ஒட்டுவது சில நிமிட வேலை. அது பல மணிநேரத் துன்பத்தைத் தவிர்க்கும்.

மென்பொருளின் பதிப்பும் கவனிக்கத்தக்கது. அடுக்கின் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே பதிப்பில் இயங்க வேண்டும். வேறுபட்ட பதிப்பைக் கொண்ட சுவிட்ச், அடுக்கில் இருப்பதாகக் காட்டப்படும். ஆனால் பணி செய்யாது. தானாகவே பதிப்பை மாற்றிக்கொள்ளும் வசதியை நிருவாகி இயக்கி வைத்திருந்தால் அது சீராகும். இல்லையெனில் கையால் மாற்ற வேண்டும்.

ஓர் உறையில் இரண்டு வாள்

வளையத்தில் இரண்டு வடங்கள் ஒரே நேரத்தில் அறுந்தால் அடுக்கு இரு பகுதிகளாகப் பிளவுபடும். பழைய தலைமை ஒரு பகுதியில் இருக்கும். மற்றப் பகுதி தலைமை மறைந்துவிட்டதாகக் கருதித் தனக்கென ஒரு தலைமையைத் தேர்ந்துகொள்ளும். இரண்டு பகுதிகளும் ஒரே அமைவடிவத்தையும் ஒரே முகவரியையும் கொண்டிருக்கும். ஒரே கதவெண்ணைக் கொண்ட இரு வீடுகள் ஒரே தெருவில் தோன்றினால் மடல்கள் தடுமாறுவதைப் போலச் செய்திகள் தடுமாறும். ஓர் உறையில் இரண்டு வாள்கள் தங்கா என்பர். பிளவுபட்ட அடுக்கு அதற்குச் சான்றாகும்.

தலைமை இரண்டாகும் இந்நிலை, வடம் அறுவதால் மட்டும் ஏற்படுவதில்லை. வடம் சேர்வதாலும் ஏற்படும். மருத்துவமனையில் அன்றிரவு நிகழ்ந்தது இதுவே.

தவறு நேர்ந்த இடம்

தனித்து இயங்கும் ஒவ்வொரு சுவிட்சும் தன்னளவில் ஒரு தலைமையே. அது ஒரே உறுப்பினரைக் கொண்ட அடுக்கு. தொழில்நுட்பர் ஐந்தாவது சுவிட்சுக்கு முதலில் மின்னிணைப்புத் தந்தபோது, அது விழித்தெழுந்து, அருகில் எவரும் இல்லாததால் தன்னையே தலைமையாக்கிக்கொண்டது. அந்நிலையில் அடுக்கு வடத்தைப் பொருத்தியதும் இரண்டு தலைமைகள் எதிரெதிரே சந்தித்தன. இரண்டும் ஏற்கெனவே தலைமையில் இருந்தவை ஆதலால், முதல் விதியால் முடிவு கிட்டவில்லை. இரண்டாம் விதி பார்க்கப்பட்டது. மருத்துவமனையின் அடுக்கில் எவரும் முன்னுரிமையைக் குறிக்காததால் அதன் எண் 1. ஐந்தாவது சுவிட்சோ, முன்பிருந்த அலுவலகத்தில் தலைமையாக விளங்கியது. அதன் எண் 15. அந்த எண்ணை அது இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, ஐந்தாவது வென்றது. தோற்ற தலைமையும் அதன் உறுப்பினர்களும் மீண்டும் தொடங்கி, வென்றவரின் அமைவடிவத்தை ஏற்றுக்கொண்டனர். மருத்துவமனையின் பிரிவுகளைப் பற்றி எதுவுமே அறியாத அமைவடிவம் அது.

அதே சுவிட்சை அணைத்த நிலையில் வைத்து, வடங்களைப் பொருத்தி, பின்னர் மின்சாரம் தந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? அது எழும்போதே, தலைமை ஒன்று இயங்கிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கும். முதல் விதிப்படி அத்தலைமையை ஏற்று, தன் முன்னுரிமை எண் 15 ஆயினும் உறுப்பினராகச் சேர்ந்து, அடுக்கின் அமைவடிவத்தைப் பெற்றுக்கொண்டிருக்கும். நான்கு சுவிட்சுகளும் ஒரு நொடியும் நின்றிரா. உறங்கிய நிலையில் வருவது உறுப்பினராகிறது. விழித்த நிலையில் வருவது வேந்தனாக வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, மின்விசையைப் போடும் வரிசை மட்டுமே.

அவ்வாறு சேர்த்த பின்னும் ஒரு கடமை எஞ்சியிருக்கும். அந்தச் சுவிட்சின் முன்னுரிமையை 15 என்றே விட்டுவைத்தால், பிறிதொரு நாள் மின்தடை ஏற்பட்டு எல்லாச் சுவிட்சுகளும் ஒன்றாக எழும்போது அதுவே தலைமையேற்கும். ஆதலால், பழைய கருவியைச் சேர்ப்பதற்கு முன்பே, அதன் பழைய அமைவடிவத்தை நீக்கி, எண்ணையும் முன்னுரிமையையும் சீர்செய்து, பின்னர் அணைத்துக் கொண்டுவருதல் முறையாகும். அடுக்கின் அமைவடிவத்தை நகலெடுத்து வேறோர் இடத்தில் காப்பதும் இன்றியமையாதது. அன்றிரவு மருத்துவமனையில் அத்தகைய நகல் ஒன்று இருந்திருப்பின், சற்று நேரத்தில் பழைய நிலை திரும்பியிருக்கும். இல்லையெனில் ஒவ்வோர் இணைப்புவாயாகத் தேடி எழுத வேண்டியிருக்கும்.

நிறுவனங்கள் வேறு, நெறி ஒன்று

அடுக்குமுறையைப் பிற நிறுவனங்களும் கையாள்கின்றன. ஜூனிப்பர் நிறுவனத்தின் சுவிட்சுகளில் தலைமைக்கான முன்னுரிமை எண் 0 முதல் 255 வரை அமையும். குறிப்பிடாவிட்டால் 128 ஆகும். அவற்றில் ஒவ்வொரு சுவிட்சின் வரிசை எண்ணையும், அது ஏற்க வேண்டிய பொறுப்பையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையும் உண்டு. எண்கள் வேறுபடலாம், பெயர்கள் வேறுபடலாம். விழித்தெழும் நேரத்தில் தலைமை தேரப்படுகிறது என்பதும், அத்தேர்வைத் தற்செயலுக்கு விடாமல் முன்னரே திட்டமிட வேண்டும் என்பதும் எங்கும் பொதுவானவை.

சுவிட்சுகளுக்கு அறிவில்லை, விதிகள் மட்டுமே உள்ளன. எண்ணில் பெரியது வெல்லும் என்றால் பெரியது வெல்லும். அந்த எண்ணுக்குப் பின்னால் மருத்துவமனையின் நலன் இருக்கிறதா, கைவிடப்பட்ட அலுவலகம் ஒன்றின் பழைய நினைவு இருக்கிறதா என்பதை அவை அறியா. அறிய வேண்டியவர் அந்த எண்ணை எழுதுகின்ற மனிதரே. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது வீடு கட்டுவோர்க்கு மட்டும் உரிய பழமொழியன்று. அறை ஒன்றில் எவர் கண்ணிலும் படாமல் அடுக்கு ஒன்றை இயக்கி வைப்பவருக்கும் அது உரியது. அவர் செலவிடும் பத்து நிமிடக் கவனத்தில்தான், எங்கோ ஒரு படுக்கையில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளியின் நலம் அடங்கியிருக்கிறது.

கலைச்சொல் அறிவோம்

அடுக்கு – சிறப்பு வடங்களால் இணைந்து ஒரே கருவியாக இயங்கும் சுவிட்சுகளின் தொகுதி
அமைவடிவம் – கருவி எவ்வாறு இயங்க வேண்டும் என நிருவாகி எழுதிவைக்கும் குறிப்புகளின் தொகுப்பு
இணைப்புவாய் – வடத்தைச் செருகும் இடம், போர்ட்
காத்திருப்புத் தலைமை – தலைமை பழுதுற்றால் பொறுப்பேற்கும் சுவிட்ச்
முன்னுரிமை எண் – தலைமைத் தேர்வுக்கென நிருவாகி குறிக்கும் எண்
மேக் முகவரி – வலையமைப்புக் கருவிக்கு உற்பத்தியாளர் வழங்கும் 48 பிட்டு அடையாளம்

கற்பவை கற்றபின்

1. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் உள்ள சுவிட்சைப் பார்வையிட்டு, அதிலுள்ள இணைப்புவாய்களின் எண்ணிக்கையையும் அவற்றில் இணைக்கப்பட்ட கருவிகளையும் பட்டியலிடுக.
2. நான்கு சுவிட்சுகளை வளையமாகவும் சங்கிலியாகவும் இணைக்கும் முறைகளைப் படமாக வரைந்து, ஒரு வடம் அறுந்தால் ஒவ்வொன்றிலும் நிகழ்வதை வகுப்பறையில் விளக்குக.
3. ‘முன்கூட்டியே திட்டமிடாத இடத்தில் தற்செயலே முடிவெடுக்கும்’ – இக்கருத்தை உங்கள் வாழ்வியல் நிகழ்வு ஒன்றுடன் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நான்கு சுவிட்சுகளை முழு வளையமாக இணைக்கத் தேவைப்படும் அடுக்கு வடங்கள்
அ) இரண்டு ஆ) மூன்று இ) நான்கு ஈ) எட்டு

2. கேட்டலிஸ்ட் 9300 வகையில், நிருவாகி குறிப்பிடாதபோது அமையும் முன்னுரிமை எண்
அ) 0 ஆ) 1 இ) 15 ஈ) 128

3. சரியான கூற்றைத் தேர்க.
அ) பழுது நீங்கி மீண்டும் எழும் முன்னாள் தலைமை உடனே பதவியைத் திரும்பப் பெறும்.
ஆ) முன்னுரிமை எண்ணை மாற்றியவுடன் தலைமை மாறும்.
இ) அணைத்த நிலையில் இணைத்துப் பின் இயக்கப்படும் சுவிட்ச், உறுப்பினராகச் சேரும்.
ஈ) வேறுபட்ட மென்பொருள் பதிப்பைக் கொண்ட சுவிட்ச் அடுக்கில் முழுமையாகப் பணி செய்யும்.

குறுவினா

1. மேக் முகவரி என்பது யாது?
2. 2/0/5 என்னும் இணைப்புவாய்ப் பெயர் உணர்த்துவது யாது?
3. தலைமைச் சுவிட்சின் பணிகளுள் இரண்டினைக் கூறுக.

சிறுவினா

1. ‘ஓர் உறையில் இரண்டு வாள்’ என்னும் தொடர் பிளவுபட்ட அடுக்குக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. தலைமைத் தேர்வில் காலம் பெறும் பங்கினை விளக்குக.
3. சுவிட்சின் பணியை அஞ்சற்காரரின் பணியோடு ஒப்பிடுக.

நெடுவினா

1. தலைமைத் தேர்வின் நான்கு விதிகளைத் தொகுத்துரைத்து, மருத்துவமனை நிகழ்வில் அவை எவ்வாறு செயற்பட்டன என்பதை ஆராய்க.
2. பழைய சுவிட்ச் ஒன்றை இயங்கும் அடுக்கில் சேர்க்கவிருக்கும் தொழில்நுட்பருக்கு நீங்கள் வழங்கும் வழிகாட்டுதல்களைக் காரணங்களுடன் எழுதுக.